அரசியலமைப்பு மாநாட்டுக்கு நான் பேராளராகப் போக முடியுமா? வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குடும்பத்துடன் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். தமிழ்நாட்டில் பிறந்து, பொறியாளராக அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, கிரீன் கார்டும் பின்னர் குடியுரிமையும் பெற்றவர். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. உள்ளூர்ப் பள்ளி வாரியக் கூட்டங்களைத் தவறவிடாதவர், நாட்டின் கடன் ஏறிக்கொண்டே போவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர். வரவுசெலவைச் சமன்செய்யவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினர்களின் பதவிக்காலத்துக்கு வரம்பு விதிக்கவும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பிரசாரம் செய்யும் ஓர் அமைப்பின் கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் அவரை அழைத்துப் போயிருக்கிறார். “மாநிலங்களின் மாநாடு விரைவில் கூடப்போகிறது, 1933இல் நடந்ததுபோல மக்களே பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், உங்கள் தொகுதிக்கு நீங்களே நிற்கலாம்” என்று அங்கே ஊக்கப்படுத்தியிருக்கிறார்கள். வேட்பாளர் பயிற்சிக்கு 400 டாலர் கட்டணம் கேட்டதோடு, மாநாட்டில் எந்தெந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களிப்பேன் என்ற உறுதிமொழிப் படிவத்திலும் கையொப்பம் கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளோ, “அந்த மாநாடு கூடினால் அரசியலமைப்பையே புதிதாக எழுதிவிடுவார்கள், நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள் அப்பா” என்று வீட்டில் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் இவை: பேராளர் தேர்தல் எப்போது, எப்படி நடக்கும்? மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டா? இந்தியாவில் பிறந்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் என்னைப் போன்றவர் போகலாமா? மாநாட்டில் விவாதத்தைக் கேட்டு மனம் மாறினால், மனசாட்சிப்படி வாக்களிக்கலாமா, அல்லது நண்பர் எச்சரிப்பதுபோல் சிறைக்குப் போக வேண்டிவருமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியாக வைத்திருக்கும் கேள்விதான் மிக முக்கியமானது. நண்பரின் எச்சரிக்கையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், உங்களுக்குச் சொல்லப்பட்ட சில செய்திகளைச் சரிசெய்துகொள்வது நல்லது. அவற்றை நம்பித்தான் நீங்கள் பணத்தையும் கையொப்பத்தையும் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழிகளைத் தருகிறது. காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் முன்மொழியலாம்; அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களின் சட்டமன்றங்கள், அதாவது இன்றைய கணக்கில் 50இல் 34, விண்ணப்பித்தால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்ட வேண்டும். எந்த வழியில் முன்மொழிந்தாலும் 38 மாநிலங்கள் ஏற்ற பிறகே அது திருத்தமாகும். இதுவரை நிறைவேறிய 27 திருத்தங்களும் முதல் வழியில் வந்தவை. இரண்டாம் வழி இந்த அரசியலமைப்பின்கீழ் ஒருமுறைகூட முழுமையாக நடந்தேறியதில்லை. எனவே “எப்படி நடக்கும்” என்று யாராவது உங்களிடம் ஐயமே இல்லாமல் சொன்னால், அவர் தம் விருப்பத்தைச் சட்டமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1933இல் கூடியது வேறு வகை மாநாடு

உங்களுக்குக் கிடைத்த துண்டறிக்கை 1933ஐக் காட்டுகிறது. அந்த ஆண்டு மக்கள் பேராளர்களைத் தேர்ந்தெடுத்தது உண்மைதான். ஆனால் அவை முன்மொழிவதற்காகக் கூடிய மாநாடு அல்ல. மதுவிலக்கை நீக்கும் 21ஆவது திருத்தத்தைக் காங்கிரசே 1933 பிப்ரவரியில் முன்மொழிந்து, அதை ஏற்கும் பொறுப்பைச் சட்டமன்றங்களிடம் விடாமல் மாநிலங்களில் கூட்டப்படும் மாநாடுகளிடம் ஒப்படைத்தது. மாநிலச் சட்டமன்றங்களில் மதுவிலக்கு ஆதரவாளர்களின் பிடி வலுவாக இருக்கும் என்ற அச்சம் அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தது. ஏற்பதற்கு மாநாட்டு முறை பயன்பட்டது அந்த ஒரே முறைதான். மிச்சிகன் அந்த ஆண்டு ஏப்ரலில் முதலாவதாகக் கூடியது. உங்கள் இந்தியானா ஜூனில் ஏற்றது. டிசம்பர் 5 அன்று யூட்டா 36ஆவது மாநிலமாக ஏற்றதும் திருத்தம் முழுமை பெற்றது. அப்போது மாநிலங்கள் 48தான்.

அந்த மாநாடுகளுக்குப் பேராளரைத் தேர்ந்தெடுத்த விதமும் ஒரே மாதிரியானதாக இல்லை. காங்கிரஸ் விதி எதையும் வகுக்காததால் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. சில மாநிலங்களில் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக வாக்கெடுத்தார்கள், சிலவற்றில் மாவட்டவாரியாக, சிலவற்றில் இரண்டையும் கலந்து. பெரும்பாலான இடங்களில் வேட்பாளர் “நீக்கத்துக்கு ஆதரவு” அல்லது “எதிர்ப்பு” என்ற அடையாளத்துடனேயே வாக்குச்சீட்டில் நின்றார். ஆகவே மாநாட்டில் விவாதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. வாக்காளர் ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் பதிவுசெய்வதே பேராளரின் வேலையாக இருந்தது. அலபாமா இன்னும் ஒரு படி மேலே போய், மாநில வாக்கெடுப்பின் முடிவுப்படியே பேராளர் வாக்களிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது; அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அது செல்லும் என்று கருத்துரைத்தார்கள்.

“ஆம்” அல்லது “இல்லை” என்று மட்டும் சொல்ல வேண்டிய மாநாட்டுக்கு இந்த முறை பொருந்தும். திருத்தத்தின் வாசகத்தையே உட்கார்ந்து எழுத வேண்டிய மாநாட்டுக்கு இதே முறையில்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் மாநிலத்துச் சட்டம் இதற்கு நேர்மாறாகவே இருக்கிறது.

தேர்ந்தெடுப்பவர் வாக்காளர் அல்லர், சட்டமன்றம்

இதில் இந்தியானா மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. 2013இல், அப்போதைய மாநில செனட் தலைவர் டேவிட் லாங்கின் முயற்சியால், ஐந்தாம் பிரிவின்கீழ்க் கூடும் மாநாட்டுக்குப் பேராளரை எப்படி நியமிப்பது, எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதற்கென்றே தனிச் சட்டத்தை அது நிறைவேற்றியது. பிறகு வேறு பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களை அமைத்துக்கொண்டன. இச்சட்டப்படி பேராளரை நியமிப்பது 100 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 50 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்த மாநிலச் சட்டமன்றம். மாநாட்டின் விதிகள் வேறு எண்ணிக்கை சொல்லாதவரை இந்தியானாவுக்கு 2 பேராளர்கள், அவர்களுக்கு இணையாக 2 மாற்றுப் பேராளர்கள் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. 2020 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 68 லட்சம் மக்கள்தொகை கொண்ட மாநிலத்திலிருந்து நான்கே பேர் என்றால், “உங்கள் தொகுதிக்கு” என்று சொல்ல அங்கே தொகுதியே இல்லை என்பது உங்களுக்குப் புரியும். மாநிலத்தில் மக்களே முன்முயற்சி எடுத்து வாக்கெடுப்புக் கோரும் முறையும் இந்தியானாவில் கிடையாது. அதனால் சட்டமன்றத்தைத் தாண்டிப் போக வேறு வாசலும் இல்லை.

சட்டமன்றம் தேர்ந்தெடுப்பது மக்களாட்சிக்குப் புறம்பானது என்ற தொனி உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம் இந்திய அரசியல் நிர்ணய சபைக்கும் 1946இல் மாகாணச் சட்டசபைகள்தாம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. அங்கே ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு இருந்தது, இங்கே அதுவும் இல்லை என்பதுதான் வேறுபாடு. அமெரிக்காவிலும் இது பழைய வழக்கமே. இன்றைய அரசியலமைப்பை எழுதுவதில் முடிந்த, 1787இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டுக்குப் பேராளர்கள் சட்டமன்றங்களின் தீர்மானத்தாலும் சட்டத்தாலும் அனுப்பப்பட்டவர்கள். பென்சில்வேனியா 8 பேரையும் வர்ஜீனியா 7 பேரையும் அனுப்பின. ரோட் ஐலண்ட் யாரையும் அனுப்பவில்லை. வர்ஜீனியாவில் நியமிக்கப்பட்ட பேட்ரிக் ஹென்றி போக மறுத்துவிட்டார். நியூ ஹாம்ப்ஷயர் கருவூலத்தில் வழிச்செலவுக்குக்கூடப் பணம் இல்லாமல் போய், ஜான் லாங்டன் தம் சொந்தச் செலவில் உடன்பேராளரையும் அழைத்துக்கொண்டு ஜூலை இறுதியில், மாநாடு பாதியைக் கடந்த பிறகு, வந்து சேர்ந்தார்.

யாரை அனுப்புவது என்பதில் சட்டமன்றம் எவ்வளவு கணக்குப் போடும் என்பதற்கு நியூயார்க்கைப் பாருங்கள். வலுவான மைய அரசை விரும்பிய அலெக்சாண்டர் ஹாமில்டனை அனுப்பாமல் இருக்க முடியவில்லை; அதனால் மைய அரசின் வலிமையை எதிர்த்த ராபர்ட் யேட்ஸ், ஜான் லான்சிங் என்ற இருவரை உடன் அனுப்பினார்கள். மூவரில் இருவர் சேர்ந்தால் ஹாமில்டன் என்ன பேசினாலும் மாநிலத்தின் வாக்கு எதிர்ப்பக்கம்தான். ஜூலை 10 அன்று அந்த இருவரும் மாநாட்டைவிட்டுக் கிளம்பிப் போனதும், தனியாக நின்ற ஹாமில்டனால் மாநிலத்தின் பெயரில் வாக்களிக்கவே முடியவில்லை. பேராளர்களின் எண்ணிக்கையும் சேர்க்கையும் அந்தச் சட்டமன்றத்தின் கையில் ஆயுதமாக இருந்தன. உங்கள் சட்டமன்றமும் இரண்டு இடங்களை நிரப்பும்போது இப்படித்தான் சிந்திக்கும். தம் உறுப்பினர்களிலேயே மூத்தவர்களை முதலில் நினைப்பார்கள் என்பது என் ஊகம். பொதுமக்களில் ஒருவருக்கு வாய்ப்பு வருமானால் அது மாற்றுப் பேராளர் இடத்தில் வரக்கூடும்.

எத்தனை பேர் போனாலும் ஒரு வாக்குத்தானா

“மக்கள்தொகைக்கு ஏற்பவா?” என்ற உங்கள் கேள்விக்கு உறுதியான விடை சட்டப்புத்தகத்தில் இல்லை. 1787இல் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 2017 செப்டம்பரில், அரிசோனா சட்டமன்றத்தின் அழைப்பின்பேரில் ஃபீனிக்ஸ் நகரில் பல மாநிலங்களின் பேராளர்கள் கூடி, வருங்கால மாநாட்டுக்கான நடைமுறை விதிகளை வரைந்து பார்த்தபோதும் அதே முறையைத்தான் பின்பற்றினார்கள். மாநிலச் சட்டமன்றங்களின் எதிர்பார்ப்பும் பொதுவாக இதுவே.

ஆனால் காங்கிரஸ் ஒருகாலத்தில் வேறுவிதமாக எண்ணியது. 1960களில், சட்டமன்றத் தொகுதிகளைச் சம மக்கள்தொகையுடன் அமைக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எதிர்த்து செனட்டர் எவரெட் டர்க்சன் நடத்திய இயக்கம் 33 மாநிலங்கள்வரை எட்டி, ஒன்று குறைவாக நின்றது. அந்த நெருக்கத்தில் விழித்துக்கொண்ட செனட்டர் சாம் எர்வின் மாநாட்டுக்கான நடைமுறை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1971இல் செனட் 84 வாக்குகளுடன், எதிர்ப்பே இன்றி, அதை நிறைவேற்றியது. அதன்படி ஒரு மாநிலத்துக்குக் காங்கிரசில் எத்தனை செனட்டர்களும் பிரதிநிதிகளும் உண்டோ அத்தனை பேராளர்கள். இருவர் மாநிலம் முழுவதற்கும், மற்றவர்கள் காங்கிரஸ் தொகுதிக்கு ஒருவராக. எல்லோரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதா தேறவே இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகுதிவாரித் தேர்தல் என்ற பேச்சுக்கு, சட்டமாகாத அந்த மசோதாதான் தொலைதூர மூலமாக இருக்க வேண்டும்.

நாளைக்கே மாநாடு கூடினால் இந்தச் சண்டைதான் முதலில் வெடிக்கும். 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவின் மக்கள்தொகை வயோமிங்கைப்போல 68 மடங்குக்கு மேல். இரண்டுக்கும் ஒரே வாக்கு என்பதைக் கலிபோர்னியா சும்மா ஏற்றுக்கொள்ளாது. பேராளரின் எண்ணிக்கையையும் தேர்வுமுறையையும் தன் அழைப்பாணையிலேயே வகுக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு என்பார் ஒரு சாரார். நாளையும் இடத்தையும் குறிப்பதோடு காங்கிரசின் வேலை முடிந்தது என்பார் மறுசாரார். 1787 செப்டம்பர் 15 அன்று இந்த மாநாட்டு வழியை ஐந்தாம் பிரிவில் சேர்த்தபோதே, அதன் அமைப்பு, குறைந்தபட்ச வருகை போன்றவற்றில் சிக்கல் எழும் என்று வர்ஜீனியாப் பேராளர் ஜேம்ஸ் மேடிசன் சுட்டிக்காட்டினார். அன்று யாரும் அதைத் தீர்த்து வைக்கவில்லை. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

ஆணைப்பத்திரத்தை மீறினால்

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பேராளர் யார் என்பதைவிட அவர் கையில் கொடுத்தனுப்பப்படும் ஆணைப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரிது என்பது என் கருத்து. நீங்கள் இதுவரை பார்க்காமல் விட்டிருப்பதும் அதைத்தான்.

இதன் வலிமையை 1787 மே 30 அன்று பிலடெல்பியா அவையே நேரில் கண்டது. வாக்குரிமையை மக்கள்தொகைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று மேடிசன் பேசியதும், டெலவேரின் ஜார்ஜ் ரீட் எழுந்து அதை ஒத்திவைக்கக் கோரினார். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற விதியை மாற்றச் சம்மதிக்கக் கூடாது என்று எங்கள் ஆணைப்பத்திரத்தில் எழுதியிருக்கிறது, அப்படி மாற்றினால் நாங்கள் மாநாட்டைவிட்டு விலக வேண்டிவரலாம் என்றார். அவை அந்தப் பொருளை அன்று ஒத்திவைத்தது. சுவையான செய்தி என்னவென்றால், தம் கையைத் தாமே கட்டிக்கொள்ளும் அந்த நிபந்தனையைச் சட்டமன்றம் விதிக்கட்டும் என்று சில மாதங்களுக்கு முன்பு, பின்னர் தம் உடன்பேராளரான ஜான் டிக்கின்சனுக்குக் கடிதம் எழுதியவரே ரீட்தான். சிறிய மாநிலத்தின் பேராளருக்கு அந்தக் கட்டு ஒரு சுமையாக இல்லை, பேரம் பேசும் பலமாக இருந்தது. மாநிலங்களுக்குச் சம இடம் தரும் செனட் உருவானதில் இத்தகைய பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது கிடைத்ததும் அரசியலமைப்பை முதலில் ஏற்ற மாநிலமும் டெலவேர்தான்.

இந்தியானாவின் 2013 சட்டம் இந்த மரபைக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. நியமிக்கும்போதே பேராளருக்கான அறிவுறுத்தல்களைச் சட்டமன்றம் தீர்மானமாக நிறைவேற்றும். பேராளர் அவற்றைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த வரம்புக்கு வெளியே அளிக்கும் வாக்கு செல்லாது, பேராளரின் நியமனமும் போய்விடும்; அவருடைய இடத்துக்கு இணையான மாற்றுப் பேராளர் வருவார். காரணம் எதுவாக இருந்தாலும் எந்த நேரத்திலும் சட்டமன்றம் பேராளரைத் திரும்ப அழைக்கலாம். தெரிந்தே வரம்பை மீறி வாக்களித்தால் அது ஃபெலனி என்னும் கடுங்குற்றம். இன்றைய வகைப்பாட்டில் ஆறாம் நிலை. அந்த நிலைக் குற்றத்துக்கு இந்தியானாவில் 6 மாதம் முதல் இரண்டரை ஆண்டுவரை சிறையும் 10,000 டாலர்வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. எல்லாப் பேராளர்களும் மாற்றுப் பேராளர்களும் சேர்ந்து வரம்பு மீறினால் மாநாடு வேண்டும் என்ற மாநிலத்தின் விண்ணப்பமே வலுவிழக்கும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

ஒரு பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி, வரி நீதிமன்ற நீதிபதி ஆகிய மூவர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அது அமைக்கிறது. வாக்களிப்பதற்கு முன்னால், “இது என் வரம்புக்குள் வருகிறதா?” என்று பேராளர் அந்தக் குழுவிடம் கேட்கலாம். நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால், ஐயம் எழும் ஒவ்வொரு வாக்குக்கும் முன்னால் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்தத் தண்டனை மத்திய அரசியலமைப்பின்கீழ்ச் செல்லுமா என்பது வேறு கேள்வி. செல்லும் என்பவர்கள் 2020ஆம் ஆண்டின் சியாஃபலோ வழக்கைக் காட்டுவார்கள்: குடியரசுத் தலைவர் தேர்தலில் மாநிலத்தின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்களில் வாக்குறுதியை மீறியவர்களுக்கு வாஷிங்டன் மாநிலம் தலா 1,000 டாலர் அபராதம் விதித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செல்லாது என்பவர்கள் 1922ஆம் ஆண்டின் லெசர் வழக்கைக் காட்டுவார்கள்: ஒரு திருத்தத்தை ஏற்கும்போது சட்டமன்றம் ஆற்றுவது மத்திய அரசியலமைப்பு தந்த பணி, மாநிலம் விதிக்கும் கட்டுப்பாடுகள் அதைத் தடுக்காது என்றது அந்தத் தீர்ப்பு. முன்னது தேர்வாளர்களைப் பற்றியது, பின்னது ஏற்பைப் பற்றியது. முன்மொழியும் மாநாட்டின் பேராளரைப் பற்றி நேரடித் தீர்ப்பு எதுவும் இல்லை. அரசியலமைப்பு நிபுணர்களுக்கு இது ருசியான விவாதப் பொருள். குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு அதை முதன்முதலாகத் தீர்மானிக்கும் மனிதராக நீங்கள் இருக்க விரும்ப மாட்டீர்கள்.

ஆகவே மனம் மாறினால் என்ன செய்வது? வாக்கை மாற்றிப் போடாதீர்கள், பதவி விலகுங்கள். அது மனசாட்சிக்கும் பொருந்தும், சட்டத்துக்கும் பொருந்தும்.

குடியுரிமையும் ஓ.சி.ஐ. அட்டையும்

இதில் உங்கள் அச்சம் தேவையற்றது. பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்கு மட்டுமே உண்டு. ஐந்தாம் பிரிவு பேராளரின் தகுதி பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாநிலச் சட்டம் பார்ப்பது நீங்கள் இந்தியானாவில் குடியிருக்கிறீர்களா, வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பன போன்றவற்றைத்தான். ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை அல்ல. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதுமில்லை. அதை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள்: பதிவுசெய்த லாபியிஸ்டாக, அதாவது சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுபவராக, இருப்பவர் பேராளராக முடியாது. அந்த அமைப்புக்காக ஊதியம் வாங்கிக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் வேலையை ஏற்றுக்கொண்டால், பதிவுசெய்ய வேண்டிய கடமை உங்களுக்கு வரலாம்.

உங்கள் மகள் சொல்வது

அவர் சொல்வதில் பாதி சரி. 1787 பிப்ரவரியில் அன்றைய காங்கிரஸ், பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவது ஒன்றே நோக்கம் என்று சொல்லித்தான் பிலடெல்பியா மாநாட்டுக்கு இசைவு தந்தது. ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து வெளியே வந்தது முற்றிலும் புதிய அரசியலமைப்பு. பல மாநிலங்களின் ஆணைப்பத்திரங்கள் காங்கிரசின் வாசகத்தைவிட விரிந்த அதிகாரம் கொடுத்திருந்தன, ஆகவே அவர்கள் வரம்பு மீறவில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. இந்தியானாவைப்போல் பேராளரைக் கட்டும் சட்டம் எல்லா மாநிலங்களிலும் இல்லை என்பதையும் மகள் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுபாதியை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். மாநாடு எதை எழுதினாலும் அது முன்மொழிவு மட்டுமே. 38 மாநிலங்கள் ஏற்காவிட்டால் அது வெறும் காகிதம். 13 மாநிலங்கள் சும்மா இருந்தாலே எதையும் நிறுத்திவிடலாம். தவிர, மாநாடு “விரைவில்” கூடப்போகிறது என்பதும் மிகை. நீங்கள் போன அமைப்பின் நோக்கங்களை ஒத்த விண்ணப்பத்தை இந்தியானா 2016இல் நிறைவேற்றியது. 2022 மார்ச்சில் தென் கரோலினாவும் சேர்ந்தபோது அத்தகைய விண்ணப்பம் தந்த மாநிலங்களின் எண்ணிக்கை 19. சமநிலை வரவுசெலவுக்கான தனி விண்ணப்பங்கள் 1983இல் 32வரை போய், பின்னர் பல மாநிலங்கள் திரும்பப் பெற்றதால் கீழே இறங்கின. வெவ்வேறு பொருள் பற்றிய விண்ணப்பங்களைக் கூட்டி 34 ஆக்கலாமா என்பதும் தகராறுக்குரியது.

அதற்காக இந்த வழி பயனற்றது என்று நான் நினைக்கவில்லை. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநிலங்கள் வரிசையாக விண்ணப்பித்த நெருக்குதல்தான் 1912இல் காங்கிரசையே 17ஆவது திருத்தத்தை முன்மொழியச் செய்ததில் முக்கியக் காரணம். மாநாடு கூடாமலேயே மாநாட்டு வழி வேலை செய்த கதை அது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை

உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். சட்டமன்றம் நாளைக்குத் தரப்போகும் அறிவுறுத்தலும் இன்று ஒரு தனியார் அமைப்புக்கு நீங்கள் தரும் வாக்கும் முரண்பட்டால், உங்களை எந்தக் கட்சியும் நியமிக்கத் தயங்கும், நியமித்தாலும் சிக்கல்தான். 400 டாலரையும் கொடுக்க வேண்டாம். நடக்காத தேர்தலுக்கு வேட்பாளர் பயிற்சி தேவையில்லை. அவர்கள் உங்களை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பல மாநிலங்களுக்குப் பொதுவாக அச்சடித்த தாளை இந்தியானாவிலும் விநியோகித்திருக்கலாம். பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், எந்தச் சட்டத்தின்கீழ், எந்தத் தேர்தல் அலுவலகத்தில் வேட்புமனு தாக்கல் செய்ய வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க அதுவே போதுமான காரணம்.

இந்தியானா சட்டத் தொகுப்பின் இரண்டாம் தலைப்பில் இந்த மாநாடு பற்றிய பகுதி இருக்கிறது; நீண்டதல்ல, மகளையும் உடன் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்தபின், உங்கள் பகுதியின் மாநில செனட்டரையும் பிரதிநிதியையும் தனித்தனியே நேரில் சந்தியுங்கள். கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் இறுதிவரையும் இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் நடுப்பகுதிவரையும்தான். அது நடக்கும் வாரங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கோடையிலோ இலையுதிர் காலத்திலோ சந்தித்தால் உட்கார்ந்து பேசுவார்கள். “எனக்கு ஓர் இடம் கொடுங்கள்” என்று தொடங்க வேண்டாம். பேராளரில் ஒருவராவது சட்டமன்றத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், அறிவுறுத்தல் தீர்மானத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு விசாரணைக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற இரண்டு திருத்தங்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முதலாவது நிறைவேறினால் உங்களைப் போன்றவருக்கு வழி பிறக்கும். இரண்டாவது நிறைவேறினால், நியமனம் கிடைக்காவிட்டாலும், பேராளரின் கையில் எதைக் கொடுத்தனுப்புவது என்பதில் உங்கள் குரலும் உங்கள் மகளின் குரலும் அங்கே பதிவாகும்.